பஸ் நிற்பதற்குள்

என் மகள் உமாவின் தொடை எலும்பு முறிந்தது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில். அதை விபத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் யார்மீதும் மோதவில்லை, எங்கும் கவிழவில்லை. விழுப்புரத்திலிருந்து என் அக்கா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போது ஜன்னல் வழியாக ஐஸ் வண்டி ஒன்றைப் பார்த்தாள். நான் பையை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது பக்கத்து இருக்கை காலி. ஓடுகிற பஸ்ஸின் படியிலிருந்து குதித்துத் தரைக்குப் போயிருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

கண்டக்டர் விசிலை ஊதி வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "யாரும்மா இந்தப் பொண்ணோட அம்மா? புள்ளைய இப்படியா உட்டு வெப்பாங்க?"

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் கண்ட காட்சி. பந்தியில் கையை நீட்டி அடுத்த இலையிலிருந்து அப்பளத்தைப் பிடுங்கிய ஒரு பையனை அவன் அப்பா எல்லோர் எதிரிலும் அறைந்தார். பையன் கன்னத்தைத் தடவிக்கொண்டே மறுபடியும் கையை நீட்டினான். அன்று வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

உமாவும் அப்படித்தான் இருந்தாள். டீச்சர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள், அதுவும் வேறு ஏதோ கேள்விக்கான பதிலை. வரிசையில் நிற்க மாட்டாள். அடுப்பில் இருக்கும் பாத்திரம் சுடும் என்று தெரியும். தொட்ட பிறகு, "சுடும்னு தெரியும்மா" என்று என்னிடமே சொல்லுவாள். நாங்கள் இருந்தது விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில். என் வீட்டுக்காரர் சரக்கு வண்டியில் கார்டு. தண்டவாளம் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் இஞ்சின் சத்தம் கேட்டாலே அவள் எங்கே என்று வாசலுக்கு ஓடுவேன். மிரட்டியாயிற்று, கெஞ்சியாயிற்று, சோற்றை நிறுத்தியும் பார்த்தாயிற்று. எதுவும் அவளிடம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். எங்கள் பக்கத்தில் நிலத் தகராறு, கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால் திருவாமாத்தூர் கோயிலுக்கு அழைத்துப் போய்ச் சத்தியம் வாங்குவார்கள். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவரைச் சாமி சும்மா விடாது என்பது நம்பிக்கை. பெரிய மனிதர்களே அந்தப் படியை மிதிக்கப் பயப்படுவார்கள். அந்த இடத்துக்கு எட்டு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய், "இனிமே சொல்லாம ஓட மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வைத்தார். உமா கையைக் கூப்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொன்னாள். பிறகு கண்ணைத் திறந்தாள். பிராகாரத்தில் ஒரு ஆட்டுக்குட்டி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஓடிவிட்டாள்.

அவர் முகம் வெளுத்துப்போனது. அதற்குப் பிறகு அவர் அவளைத் திட்டுவதைக்கூட விட்டுவிட்டார். எது வருமோ என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சித்திரையிலேயே கால் முறிந்தது. செய்தி கேட்டு விழுப்புரத்திலிருந்து ஓடி வந்தவர் கட்டிலருகே நின்று சொன்ன முதல் வார்த்தை, "சத்தியத்த மீறினா சும்மா உடுமா?" என்பதுதான். அவளுக்குக் கேட்கும்படியே சொன்னார்.

திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். முறிந்த காலுக்குச் செய்த வைத்தியத்துக்கு டிராக்‌ஷன் என்று பெயர். காலின் இரண்டு பக்கமும் முழங்காலுக்கு மேலிருந்து கணுக்கால்வரை பிளாஸ்திரிப் பட்டையை ஒட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றைக் கட்டில் முனையில் உள்ள உருளைமேல் ஓட்டி, கீழே எடைக்கல்லைத் தொங்கவிடுவார்கள். தொடைச் சதைக்கு இழுக்கும் சக்தி அதிகம். விட்டால் முறிந்த இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிடும். அப்படியே ஒட்டிக்கொண்டால் கால் குட்டையாகிவிடும். எடை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் எலும்பு நேராகச் சேரும். நோயாளி செய்ய வேண்டியது ஒன்றுதான். மல்லாந்து படுத்து அசையாமல் இருக்க வேண்டும்.

உலகத்தில் உமாவால் முடியாத காரியம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

முதல் நாளே எட்டிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அடுத்த நாள் பிளாஸ்திரியை ஓரத்திலிருந்து உரித்தாள். வலியில் துடிப்பாள், அழுவாள், அழுதுகொண்டே உரிப்பாள். யாராவது பிள்ளைகள் பார்க்க வந்தால் எடைக்கல்லை ஆட்டச் சொல்லுவாள். நான் கண் அசந்தால் கயிறு தளர்ந்திருக்கும். மூன்றாவது தடவை எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிட்டார். அவர்கள் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியை முறுக்கி அவள் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு கட்டினார்கள்.

"எலும்பு சேர்ற வரைக்கும் வேற வழி இல்லம்மா" என்றார் டாக்டர். "இன்னொரு வாட்டி நகந்துச்சுன்னா மெட்ராசுக்குத்தான் எழுதித் தரணும். கம்பி வெச்சு ஆபரேஷன் பண்ணணும். அப்பவும் கால் நீளம் சரியா வரும்னு உத்தரவாதம் கிடையாது."

என் பெண் நொண்டுவாளா, கை கட்டப்பட்டுக் கிடப்பாளா, இதில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது போல இருந்தது. கட்டிய கையை அவள் உருவி உருவி மணிக்கட்டு சிவந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினேன். எண்ணெய் தடவினால் கை சுலபமாக வழுக்கி வெளியே வந்துவிடுகிறது என்று சிஸ்டர் என்னைத் திட்டினாள்.

பக்கத்துக் கட்டிலில் கெடாரிலிருந்து வந்த கன்னியம்மா இருந்தாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு பிசகிப் படுத்திருந்தாள். கூலி வேலை செய்கிறவள். வாயும் சும்மா இருக்காது.

"ரெண்டு வெச்சா அடங்கிடும்மே. நீ செல்லம் குடுத்துக்கினே இருக்கறே."

"நீ வெச்சுப் பாரேன்" என்றேன். எனக்கு எரிச்சலாக வந்தது.

"நானே எழுந்து உக்கார முடியாம கெடக்கறேன், என்னைப் போய் வெக்கச் சொல்றியே" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எலும்பு டாக்டர்தான் ஒரு யோசனை சொன்னார். குழந்தைகளின் மனசைப் பார்க்கிற டாக்டர் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை, புதன்கிழமை, புதுச்சேரியிலிருந்து வருவார். "அவர் பாக்கட்டும். பிடிவாதத்துல பண்றாளா, இல்ல இவளால முடியலையான்னு அவர் சொல்லட்டும். அதப் பொறுத்து முடிவு பண்ணலாம்" என்றார்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். "மென்டல் டாக்டர்கிட்ட காட்டினோம்னு ஒரு எழுத்து எழுதிட்டா அவ்ளோதான். நாளைக்கு எவன் கட்டுவான் இவள? பள்ளிக்கூடத்துல சேப்பானா?"

"கை கட்டிக் கெடக்கறாளே, அது பரவாயில்லையா உங்களுக்கு?"

அவர் மறுபடியும் வராந்தா கோடிவரை நடந்தார்.

புதன்கிழமை காலையிலிருந்து காத்திருந்தோம். டாக்டர் வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. ஒல்லியாக, இளவயதுக்காரராக, தோளில் துணிப்பையோடு வந்தார். அவர் பேசுகிற நிதானம் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வாக்கியத்தை அவர் முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வரும். என்னிடம் முதலில் கேள்விகள் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய, ரொம்ப அதிகம் என்று நான்கில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"அவ முறை வர்ற வரைக்கும்..."

"நிக்கவே மாட்டா. ரொம்ப அதிகம்."

"அடுத்தவங்க பேசும்போது..."

"நடுவுல பூந்துடுவா சார். ரொம்ப அதிகம்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் கேட்டு முடிச்சிடறேங்கம்மா" என்றார். கன்னியம்மா போர்வைக்குள் குலுங்கினாள்.

பிறகு உமாவின் கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார். பிள்ளையின் நிதானத்தை அளக்கப்போவதாகச் சொன்னார். காய்ச்சலை அளக்கலாம், எடையை அளக்கலாம், இதை எதைக் கொண்டு அளப்பது என்று நினைத்தேன். அவர் செய்ததை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

ஒரு காகிதத்தில் இந்த ஓரம் ஒரு வீடு, அந்த ஓரம் ஒரு மரம். வீட்டிலிருந்து மரம்வரை உன்னால் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கோடு போடு என்றார். பென்சில் சர்ரென்று போய் மரத்தையும் தாண்டிக் காகிதத்துக்கு வெளியே விழுந்தது. இன்னும் மெதுவாக என்றார். மறுபடியும் சர்.

அடுத்தது தட்டுகிற விளையாட்டு. அவர் அட்டையில் ஒரு தட்டு தட்டினால் உமா தட்ட வேண்டும். அவர் இரண்டு தட்டினால் தட்டக் கூடாது. அவர் இரண்டு தட்டுவார், இவளும் தட்டிவிடுவாள். தட்டிய கையோடு, "தெரியும் தெரியும், ரெண்டு தட்டினா தட்டக் கூடாது" என்பாள். அதை அவர் உடனே குறித்துக்கொண்டார். அவள் செய்த தப்பைவிட அந்தத் "தெரியும்" அவருக்கு முக்கியமாகப் பட்டது போல இருந்தது.

மூன்றாவதாகப் பட அட்டைகள். மேலே ஒரு குடை, கீழே ஆறு குடை. ஆறும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒன்றில் கைப்பிடி கொஞ்சம் அதிகமாக வளைந்திருக்கும், இன்னொன்றில் ஒரு கம்பி குறையும். மேலே உள்ளதோடு அச்சாகப் பொருந்துவது ஒன்றே ஒன்று. அட்டையைக் காட்டியதும் கையில் உள்ள கடிகாரத்தை அழுத்துவார். பிள்ளை முதல் தடவை விரல் வைக்க எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை தப்புக்குப் பிறகு சரியானதைத் தொடுகிறது, இரண்டையும் எழுதிக்கொள்வார். யோசிக்கிற பிள்ளை ஆறையும் பார்த்த பிறகுதான் விரல் வைக்கும். உமா அட்டை கட்டிலில் படுவதற்குள் விரலை வைத்தாள்.

அட்டைகள் ஒரு சுற்று முடிந்து, இரண்டாவது சுற்று பாதி போவதற்குள் அவள் துள்ளியதில் காலில் ஒட்டிய பிளாஸ்திரி பிசகிவிட்டது. அலறினாள். சிஸ்டர்கள் ஓடிவந்தார்கள். டாக்டர் அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, "அடுத்த புதன் மொதல்லேர்ந்து பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கையை மறுபடியும் கட்டினார்கள்.

இவ்வளவு நேரமும் என் வீட்டுக்காரர் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வாரம் அவர் லீவு போட்டுவிட்டுத் திண்டிவனத்திலேயே தங்கினார். நான் ஆச்சரியப்பட்டேன். காலையில் நான் அக்கா வீட்டுக்குக் குளிக்க, சமைக்கப் போனால் அவர் உமாவோடு இருப்பார். அக்கா ரசத்தைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்து, "பில்லப் பத்தி இப்ப நெனைக்காத, அத்தான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு" என்பாள். அந்த ஒரு வார்த்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். திரும்பி வரும்போது அவர் மடியில் சிலேட்டு இருக்கும். குடை குடையாக, கோழி கோழியாக வரைந்து அழித்த சாக்பீஸ் தூள் போர்வையெல்லாம் கிடக்கும்.

"அப்பா குடையா போட்டுக்கினே இருக்காரும்மா" என்று உமா சொன்னாள். பிள்ளைக்குப் பொழுது போகப் படம் போடுகிறார் என்று நினைத்து என் மனசு நிறைந்துபோனது. ஆட்டுக்குட்டி ஓடிய நாளுக்குப் பிறகு அவர் அவளோடு உட்கார்ந்து பேசியதே அந்த வாரம்தான்.

மறு புதன் வந்தது. டாக்டர் முதல் அட்டையை எடுத்து வைத்தார்.

"நாலாவது" என்றாள் உமா.

சரி. இரண்டாவது அட்டை. "மொதல்ல இருக்கறது." அதுவும் சரி. மூன்றாவதும் சரி. என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் பச்சைக் கொடி காட்டுகிறவர் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றிருந்தார்.

டாக்டர் நான்காவது அட்டையைக் கவிழ்த்த வாக்கிலேயே கையில் வைத்திருந்தார். இன்னும் திருப்பவில்லை.

"அஞ்சாவது. கப்பலு" என்றாள் உமா.

டாக்டர் அட்டையைத் திருப்பினார். கப்பல்தான்.

"இன்னும் காட்டவே இல்லையே பாப்பா?"

"அப்பா மனசுக்குள்ள பத்து எண்ணிட்டு சொல்லச் சொன்னாரு. எண்ணிட்டேன். ஒண்ணுரெண்டுபத்து."

எனக்குப் பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. சரக்கு வண்டி கார்டின் வேலை, புறப்படும் முன் ஒவ்வொரு வேகனாகப் போய் நம்பரையும் கதவில் வைத்த முத்திரையையும் பார்ப்பது. அந்தக் கண்ணால் டாக்டரின் அட்டைகளை ஒருமுறை பார்த்து மனசில் பதித்திருக்கிறார். தானும் டிபார்ட்மென்ட் பரீட்சைக்குக் கைடு வாங்கி மனப்பாடம் செய்து தேறியவர். மகளையும் தேற வைத்துவிடலாம் என்று நினைத்துவிட்டார்.

"பரீட்சைன்னா ஒரு மாதிரி வினாத்தாள் பாத்துட்டுப் போறதில்லீங்களா சார்" என்றார். "பொட்டப் புள்ள. மென்டல்னு பேரு வந்துட்டா ஜென்மத்துக்கும் போவாது. அதான் பாஸ் பண்ணிடட்டும்னு."

டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அட்டைகளை அடுக்கிக் கட்டினார். அதற்கே ஒரு யுகம் ஆயிற்று.

"உக்காருங்க கார்டு சார்" என்றார். "நீங்க இவளுக்குப் பதில் சொல்லிக் குடுத்தீங்க. பத்து எண்ற வரைக்கும் பொறுத்திருன்னும் சொல்லிக் குடுத்தீங்க. பதில் எல்லாமே இவகிட்ட இருக்கு. ஒண்ணுகூட மறக்கல. அந்தப் பத்துதான் இல்ல. நான் அளக்க வந்ததே அந்தப் பத்தத்தான்."

அவர் உட்கார்ந்தார்.

"இவளுக்குப் புத்தி கம்மி இல்ல. எது சரின்னு தெரியாதவளும் இல்ல. தெரியறதுக்கும் செய்யறதுக்கும் நடுவுல நமக்கெல்லாம் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். கொஞ்சம் நின்னு பாப்போம். இவளுக்கு அந்த இடம் ரொம்பக் குறுகல். அதுக்குள்ள கை போயிடுது, கால் போயிடுது. இது பைத்தியம் இல்ல, திமிரும் இல்ல."

அந்த அட்டைகளை விட்டுவிட்டு வேறு கட்டு எடுத்து அளந்தார். ஒரு சோதனையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்றும், நான் சொன்ன பதில்கள், பள்ளிக்கூடத்து டீச்சரிடம் கேட்டு வாங்கியவை, தட்டல், கோடு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்வதாகவும் விளக்கினார். கவனக் குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு என்று பெயர் சொன்னார். இன்று ஏ.டி.எச்.டி. என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அன்று அந்தப் பெயரை எங்கள் குவார்ட்டர்ஸில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டாக்டர் எழுந்திருக்கும்போதுதான் உமா கேட்டாள்.

"அப்ப நான் பொய் சத்தியம் பண்ணலையா?"

டாக்டருக்குப் புரியவில்லை. நான் திருவாமாத்தூர் கதையைச் சொன்னேன். இத்தனை நாள் கை கட்டிக் கிடந்தபோது இந்தப் பெண் எதை நினைத்துக்கொண்டு கிடந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் மறுபடியும் உட்கார்ந்தார். "சத்தியம் பண்ணப்போ ஓடக் கூடாதுன்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"நெசமா?"

"நெசமாத்தான். கண்ண மூடிக்கினு நெனச்சேன்."

"ஓடும்போது?"

உமா யோசித்தாள். அவள் யோசித்து நான் பார்த்தது அன்றுதான். "ஓடும்போது அது நெனப்பே வரல சார். ஓடி முடிச்சப்புறம்தான் வந்துச்சு."

"அப்ப நீ பொய் சொல்லல" என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். வராந்தா கோடியில் உள்ள குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். "வேக்குவம் பிரேக் புடிக்கலைன்னா வண்டி நிக்காது. அதுக்குன்னு டிரைவர் பொய் சொல்றான்னா சொல்லுவோம்" என்றார். என்னிடம் சொன்னாரா, குழாயிடம் சொன்னாரா தெரியாது. சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

கைக்கட்டை அவிழ்க்க எலும்பு டாக்டரை ஒத்துக்கொள்ள வைப்பது லேசாக இல்லை. இரண்டு டாக்டர்களும் அறைக்குள் பேசியது வெளியே கேட்டது. கடைசியில் ஒரு வாரம் பார்க்கலாம், எக்ஸ்ரேயில் நகர்ந்திருந்தால் மெட்ராஸ்தான் என்று முடிவாயிற்று. கையை அவிழ்த்தார்கள். புதுச்சேரி டாக்டர் எங்களிடம் சொன்னது இது. கையைக் கட்டாதீர்கள், கைக்கு வேலை கொடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு சொல்தான் சொல்லுங்கள். நாள் முழுக்கப் பொறு என்று சொன்னால் அவளால் முடியாது, பக்கத்துக் கட்டிலுக்குச் சாப்பாடு வரும்வரை பொறு என்றால் முடியும். பொறுத்தால் உடனே பாராட்டுங்கள், சாயங்காலம்வரை தள்ளிப்போடாதீர்கள். மாத்திரை ஒன்றும் இருக்கிறது, எலும்பு சேரட்டும், பிறகு அதைப் பற்றிப் பேசலாம் என்றார்.

கைக்கு என்ன வேலை கொடுப்பது? சிலேட்டு பத்து நிமிஷத்தில் பறந்து போய் மூலையில் விழுந்தது. அப்போது கன்னியம்மா தன் மகனிடம், "வூட்லேர்ந்து ஒரு மூட்ட மல்லாட்டை எடுத்தாடா" என்றாள். மறுநாள் உமாவின் வயிற்றுமேல் ஒரு முறம் வந்தது. உரிக்க வேண்டும், பருப்பைக் கிண்ணத்தில் போட வேண்டும், கிண்ணத்தின் அடி மறைந்தால்தான் ஒன்று வாயில் போடலாம். அடி மறைவதற்குள் பாதி வாய்க்குப் போனது. கன்னியம்மா திட்டவில்லை. கிண்ணத்தை மாற்றி ஒரு சின்ன மூடியைக் கொடுத்தாள். மூடி சீக்கிரம் நிறையும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கிண்ணம்.

"அடிச்சா அடங்கும்னு சொன்னியே" என்றேன்.

"சொன்னேன். இப்ப இல்லன்றேன். அதுக்கென்ன பேஜாரு உனக்கு" என்றாள்.

வார்டு முழுக்கத் தோல் பறந்தது. பெருக்குகிறவள் எங்களைச் சபித்தாள். சிஸ்டர் மட்டும் போகும்போதெல்லாம் கிண்ணத்திலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரர் ரெஸ்ட் நாட்களில் வந்து காகிதத்தில் தண்டவாளம் போட்டுக் கொடுப்பார். பென்சில்தான் சரக்கு வண்டி. வேகமாகப் போனால் தடம் புரளும். அவர் வாயால் ஊதுவார், உமா பென்சிலை நகர்த்துவாள். முதலில் தினமும் பத்து வண்டி தடம் புரண்டது.

அந்த வாரமே ஒரு நாள் மறுபடியும் கயிற்றை இழுத்துவிட்டாள். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரும்வரை நான் வராந்தாவில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அலைந்தேன். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் புது எலும்பு கட்ட ஆரம்பித்துவிட்டது, குழந்தை வளரும்போது அந்த வித்தியாசம் சரியாகிவிடும், மெட்ராஸ் வேண்டாம் என்றார். கையையும் கட்டச் சொல்லவில்லை. நான் அவர் காலில் விழப் போனேன். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

பிறகு இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அது ஒரு தனிக் கஷ்டம். மாவுக்கட்டுக்குள் பென்சில், சீப்பு, ஒரு கரண்டி எல்லாம் போய் வெளியே வந்தன. கட்டுப் பிரித்த பிறகு நடக்கப் பழகினாள். முதலில் லேசாக விந்தினாள், பிறகு அதுவும் தெரியாமல் போனது. புதுச்சேரி டாக்டர் சொன்ன மாத்திரையைக் கொஞ்ச காலம் கொடுத்தோம். உமா திடீரென்று வேறு பெண்ணாகிவிடவில்லை. பால் பொங்குவதைப் பார்க்கச் சொன்னால் பால் பொங்கி வழியும். ஆனால் யாரும் அவளைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே நின்றுபோனது.

கடைசித் தடவை காலைக் காட்ட நானும் உமாவும் மட்டும் திண்டிவனம் போனோம். பஸ் அதே வளைவில் திரும்பி அதே பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. வெயில் கொளுத்தியது. வெளியே ஐஸ் வண்டியும் நின்றிருந்தது, மணியடித்துக்கொண்டு. உமா அதைப் பார்த்துவிட்டாள். அவள் முழங்கால் துடிக்க ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது. ஓட மாட்டேன்னு சத்தியம் பண்ணுடி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் அவள் திரும்பினாள்.

"அம்மா, நான் குதிச்சிடுவேன். என்னப் புடிச்சிக்கோ. ஜல்தி."

பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டேன். பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். "எறங்கும்மா, வண்டி திரும்பணும்" என்று கண்டக்டர் சொல்லும்வரை நான் விடவில்லை.